இரட்டை நாளில் சர்க்கரை வேண்டாத எலிகள்

பேரன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எலிகள் எட்டும் நலம். மற்றபடி நலம் என்று சொல்லிக்கொள்ள இந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. அங்கு நீயும் அண்ணியும் அம்மாவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இல்லையென்றால் அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இப்போது கிடையாது, அடுத்த மாதம் தெரிவித்தால் போதும்.

போனில் சொல்லாமல் இது என்ன காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். நீ கைவேலையை விடாமல் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசுகிறவன். உன் ரிப்பேர் கடைக்கு மிக்சி வாங்க வந்தவர், டிவி கொடுக்க வந்தவர் எல்லாரும் என் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். போன தடவை நான் அழுதுகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ ஒருவர், "பேசாம ஒரு பூனையை வாங்கி விடச் சொல்லுங்க" என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. ஆகவே இதைக் கடையை மூடிவிட்டுத் தனியாக உட்கார்ந்து படி. அம்மாவிடம் காட்டாதே. அண்ணியிடம் காட்டினால் அம்மாவிடம் காட்டின மாதிரிதான், அதையும் யோசித்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஆராய்ச்சியை விட்டுவிடப் போகிறேன். சனிக்கிழமை கடை வேனை எடுத்துக்கொண்டு இங்கே வா. என் மேஜையில் இருக்கிற புத்தகம், பெட்டி, நாற்காலி, நீ போட்டுக்கொடுத்த டேபிள் ஃபேன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். உன் மாப்பிள்ளையை, அதாவது என் வீட்டுக்காரரை, வரச் சொல்லலாம்தான், ஆனால் அவர் வந்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்வார். உண்மையில் அப்போது அவர் எதுவுமே சொன்னதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

எப்படி இந்தக் கதிக்கு வந்தேன் என்பதை வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பத்தைந்து வயதில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினேன். ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இரண்டு தடவை தவணை நீட்டித்தாயிற்று, மூன்றாவது தடவை நீட்டிக்க மாட்டோம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். இந்த மாதம் கடைசித் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அம்மா இதற்குள் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் என் மகள் டாக்டர் ஆகப்போகிறாள் என்று சொல்லி, இரண்டு பேர் முட்டி வலிக்கு மருந்து கேட்டு எனக்குப் போன் பண்ணிவிட்டார்கள்.

என் ஆராய்ச்சி என்னவென்று உனக்குத் தெரியும். மனம் விட்டுப்போன எலிக்குச் சர்க்கரைத் தண்ணீர் ருசிக்காது என்பது எங்கள் துறையில் ஒரு கணக்கு. ஒரு கூண்டில் இரண்டு பாட்டில் தொங்கவிட வேண்டும், ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர். தெம்பாக இருக்கிற எலி சர்க்கரையைத் தேடிப்போகும். வாழ்க்கை வெறுத்த எலி எதுவானால் என்ன என்று இருந்துவிடும். நான் எட்டு எலியை எடுத்துக்கொண்டு, நான்கின் கூண்டில் ஓடுசக்கரமும் அட்டைக் குழாயும் போட்டேன். மற்ற நான்குக்கும் வெறுங்கூண்டு. வெறுங்கூண்டு எலிகள் இருபத்தெட்டு நாளில் சர்க்கரையை வெறுக்கின்றனவா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. இதை உன் மருமகளிடம், அதாவது ஒன்பதாவது படிக்கிற என் மகளிடம், ஒருநாள் பெருமையாக விளக்கினேன். "அதுக்கு எதுக்கும்மா எலி, உன்னையே பார்த்தா தெரியுமே" என்றாள்.

எலி எத்தனை தடவை எந்தப் பாட்டிலில் குடிக்கிறது என்று எண்ணுகிற இயந்திரத்தை விற்கிற கம்பெனிக்காரர் வந்து விலை சொன்னபோது எங்கள் பேராசிரியர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகுதான் நெட்டில் தேடி அந்தத் திறந்த மூலக் கருவியைக் கண்டுபிடித்தேன். முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான், வரைபடம், உதிரிபாகப் பட்டியல், கணினி நிரல் எல்லாவற்றையும் இலவசமாகப் போட்டு, எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், திருத்தினால் எங்களுக்கும் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். உன்னிடம் காட்டியபோது, "சும்மா குடுக்கறான்னா ஏதோ இருக்கு" என்றாய். ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு எட்டுப் பலகைக்கும் நீதான் பற்றவைத்துக் கொடுத்தாய். அந்தக் கடனை நான் இப்படியா தீர்க்க வேண்டும்?

ஆரம்பத்திலேயே சகுனம் சரியில்லை. பாட்டிலைப் பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் கூடுகளைக் கல்லூரி முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் போட்டால் முதல் நான்கும் உருகின சோப்பு மாதிரி வந்தன. அடுத்த நான்கு அழகாக வந்தன. அவற்றில் ஒன்றை முதலாம் நம்பர் எலி ஒரே வாரத்தில் தின்று தீர்த்தது. அதற்கப்புறம் மூன்றாம் நம்பர். பாட்டில் குழாயின் முனைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடு ஒன்று ஓடுகிறது இல்லையா, எலி மூக்கை நீட்டினால் கோடு அறுபடும், அறுபடும் ஒவ்வொரு தடவையும் உன் பலகை நேரத்தோடு இடது, வலது என்று குறித்துக்கொள்ளும். மூன்றாம் நம்பர் என்ன செய்தது என்றால், கீழே பரப்பியிருந்த மரச்சுருளை அள்ளிக்கொண்டு போய் அந்த ஓட்டையில் திணித்துப் படுக்கை போட்டுக்கொண்டது. அது மூச்சுவிடும்போதெல்லாம் சுருள் ஆடி ஆடி, ஒரே நாளில் நாற்பதாயிரம் தடவை குடித்ததாகக் கணக்கு வந்தது. பேராசிரியர் வீட்டிலிருந்து போன் பண்ணி, "அந்த எலி உயிரோட இருக்காம்மா, இல்ல வெடிச்சிருச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் நீ அண்ணியின் டீ வடிகட்டியைக் கேட்காமல் எடுத்து வெட்டி எட்டுக் கூண்டுக்கும் வலைத் தடுப்பு செய்து கொடுத்தாய். அண்ணிக்கு நான் இன்னும் வடிகட்டி வாங்கிக் கொடுக்கவில்லை, மன்னித்துக்கொள்ளச் சொல். இது தவிர கூண்டுக்காரர் தன் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டி நம் கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டதில் இரண்டு நாள் கணக்கு போனது. அதையும் தாங்கிக்கொண்டு புதிதாக முதல் நாளிலிருந்து ஆரம்பித்தேன்.

கூண்டுக்காரர் என்றால் உனக்குத் தெரியாது. எலி அறைக்குப் பொறுப்பானவர். இருபத்திரண்டு வருஷமாகக் கூண்டு கழுவி, பாட்டில் கழுவி, தீனி போட்டு வருகிறார். எலிகளோடு பேசுவார். மனிதர்களோடு அவ்வளவாகப் பேசமாட்டார், அதுதான் இந்த வினைக்கெல்லாம் காரணம்.

இனிமேல் கொஞ்சம் கவனமாகப் படி. சில எலிகளுக்கு ஒரே பக்கத்திலேயே குடிக்கிற பழக்கம் உண்டு. இடது பக்கம் என்ன இருந்தாலும் இடதுதான் என்று போகும். அது சர்க்கரை ஆசையா வெறும் இடது ஆசையா என்று தெரிய வேண்டுமானால் தினமும் காலையில் இரண்டு பாட்டிலையும் இடம் மாற்றி வைக்க வேண்டும். ஒற்றைப்படை நாளில் சர்க்கரை இடது பக்கம், இரட்டைப்படை நாளில் வலது பக்கம். உன் கருவிக்கு இடதும் வலதும்தான் தெரியும், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அது என் நோட்டில் இருக்கிறது. தினமும் சரியாக ஒன்பது மணிக்கு நான் போய் எட்டுக் கூண்டிலும் பாட்டில்களை மாற்றிவிட்டு நோட்டில் டிக் அடிப்பேன். இருபத்தெட்டு நாளும், ஞாயிறு உட்பட, காய்ச்சல் வந்த இரண்டு நாள் உட்பட, ஒரு நாள் தவறவில்லை. உன் மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்த அன்றைக்கும் நான் இங்கேதான் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன்.

எந்தப் பாட்டில் சர்க்கரை என்று தெரிவதற்காக, அவளுடைய நகப்பூச்சை எடுத்துச் சர்க்கரைப் பாட்டில்களில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. எலி இருட்டில் விழித்திருக்கிற பிராணி. நாம் வேலை பார்க்கிற நேரத்தில் அவை விழித்திருக்க வேண்டும் என்பதால் அந்த அறையில் இரவெல்லாம் விளக்கெரியும், பகலெல்லாம் இருட்டு. பகலில் நமக்குக் கண் தெரிவதற்காக ஒரு மங்கின சிவப்பு விளக்கு மட்டும் போட்டிருப்பார்கள், சிவப்பு வெளிச்சம் எலிக்குத் தெரியாது. அண்ணா, சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் சிவப்புப் பொட்டு மனுஷிக்கும் தெரியாது. உயிரியல் படித்தவள், ஒளியைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள், இதை இருபத்தெட்டு நாள் யோசிக்கவில்லை. பொட்டைத் தேடவும் இல்லை. கை பாட்டிலை மாற்றும், வாய் ஏதாவது முணுமுணுக்கும், டிக் அடித்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டைப் பூட்டுகிற மாதிரி அது ஒரு பழக்கம்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது எட்டு எலிகளும் ஒற்றைப்படை நாளில் சர்க்கரைக்குப் பறந்தன, இரட்டைப்படை நாளில் சர்க்கரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெறும் தண்ணீரைக் குடித்தன. சக்கரம் வைத்த எலி, வெறுங்கூண்டு எலி என்ற வித்தியாசமே இல்லை. ஒருநாள் ஆசை, மறுநாள் துறவு. எங்கோ பிசகு என்று கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஆனால் பேராசிரியர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "முப்பது வருஷமா எல்லாரும் சராசரி எடுத்து எடுத்து இதை மறைச்சிட்டாங்கம்மா! மனச்சோர்வு தினம் வர்றதில்ல. நாள் விட்டு நாள் வருது!" என்றார். அதோடு விட்டாரா? இரண்டு கருத்தரங்கில் பேசிவிட்டார். தன் சொந்த வாழ்க்கையையே அந்த வரைபடத்தில் பொருத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இரட்டைப்படைத் தேதியில் டீக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. அலுவலக உதவியாளர் மறந்து சர்க்கரை போட்டுக் கொடுத்தால், "எனக்கு இன்னைக்கு இரட்டை நாள்பா" என்று திருப்பி அனுப்புகிறார். அவருடைய மனைவி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எலிக்கு எப்பம்மா சரியாகும்?" என்று கேட்டார்.

நானும் நம்பிவிட்டேன். ஐந்து வருஷம் எதுவுமே கிடைக்காமல் இருந்தவளுக்கு ஏதோ ஒன்று கிடைத்தால் அதைச் சந்தேகப்படவா மனசு வரும்? ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதைத்தான் எழுதினேன், எண்பத்தாறு பக்கம். அதோடு நிற்காமல், அந்தப் புண்ணியவான் திருத்தினால் எங்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாரே என்று, உன் வலைத் தடுப்பின் படத்தையும், பாட்டிலுக்குச் சிவப்புப் பொட்டு வைப்பது முதல் சிவப்பு விளக்கில் இடம் மாற்றுவது வரை பதினான்கு படிகளில் ஒரு செய்முறைக் குறிப்பையும் எழுதி, என் பெயரும் போன் நம்பரும் போட்டு நெட்டில் ஏற்றினேன். இதுவரை நாற்பத்தொரு ஆராய்ச்சிக்கூடங்கள் அதை இறக்கிக்கொண்டிருக்கின்றன. உலகத்துக்கு ஏதோ செய்துவிட்டோம் என்று அன்றைக்கு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

முந்தாநாள் கடைசி வேலையாக, படம் நன்றாக இருக்கட்டுமே என்று நாள் கணக்கை மணி வாரியாகப் பிரித்துப் போட்டேன். முதல் நாள் தவிர மற்ற இருபத்தேழு நாளும், ஒன்பதிலிருந்து பத்து மணி வரை எட்டு எலிகளும் வலது பக்கம் குடிக்கின்றன. பத்து மணிக்கு மேல் மறுநாள் காலை வரைக்கும் எட்டும் இடது பக்கம் குடிக்கின்றன. ஒற்றை நாளுக்கும் அதுதான், இரட்டை நாளுக்கும் அதுதான். எலிகளிடம் கடிகாரம் கிடையாது. பத்து மணிக்கு அந்த அறையில் என்னதான் நடக்கிறது என்று யோசித்தேன். பத்து மணிக்குக் கூண்டுக்காரர் பாட்டில்களைக் கழுவ எடுத்துப்போகிறார். சர்க்கரைத் தண்ணீர் புளித்துவிடும் என்பதால் தினமும் கழுவிப் புதிதாக நிரப்பி, எடுத்த இடத்திலேயே திரும்ப மாட்டுவார். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டில் கழுவுகிற அறைக்கு ஓடினேன். வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். முன்னால் ட்ரேயில் இரண்டு வரிசையாகப் பாட்டில்கள். ஒரு வரிசையில் எட்டுச் சிவப்புப் பொட்டும் பளிச்சென்று தெரிந்தன.

"அண்ணே, கழுவிட்டு இதையெல்லாம் எந்தப் பக்கம் மாட்டுவீங்க?"

"பொட்டு வச்சது இடது பக்கம்மா."

"தினமுமா?"

"தினமும்தான். முதல் நாள் நீங்க அப்படித்தானே வச்சிருந்தீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். தினம் காலையில எவனோ வந்து பாட்டிலை மாத்தி வச்சிட்டுப் போயிடறான்மா. பொட்டு வச்சது எல்லாம் வலது வரிசையில இருக்கும். பாவம், வாயில்லா ஜீவன், இருட்டுல தடவித் தடவித் தேடுது. நான்தான் ஒவ்வொரு நாளும் சரி பண்ணி வைக்கிறேன்."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீங்க கோவத்துல யாரையாவது பிடிச்சித் திட்டுவீங்க. எவனாவது சின்னப் பையனா இருக்கும், அவன் வேலை போயிடும். எதுக்கு பாவம்?"

இருபத்தேழு நாள், அண்ணா. ஒன்பது மணிக்கு நான் மாற்றி வைத்தேன். பத்து மணிக்கு அவர் பாவம் பார்த்துத் திரும்ப மாற்றினார். அந்த எவனோ நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்லதுண்ணே" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆக, சர்க்கரை எப்போதும் இடது பக்கமே இருந்திருக்கிறது, எலிகள் எப்போதும் அதையே குடித்திருக்கின்றன, நாள் விட்டு நாள் பிசகியது என் நோட்டு மட்டும்தான். ஆசையும் இல்லை, துறவும் இல்லை. ஐந்து வருஷம் வீட்டைவிட்டுக் கிடந்து நான் கண்டுபிடித்தது என்னவென்றால் எலிக்குச் சர்க்கரை பிடிக்கும். அதையாவது நிரூபித்தேனா என்றால் அதுவும் கிடையாது. சர்க்கரை ஒரே பக்கம் இருந்ததால் இடது பக்கம் பிடிக்கும் என்றும் சொல்லிவிடலாம்.

இந்தக் கட்டடத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "பேராசிரியரே சந்தோஷமா இருக்கார். நீ ஏன் கிளறணும்? குடுத்துட்டு வந்துடு" என்றார். அவர் கெட்டவர் இல்லை, நான் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் சொல்கிறார். நானும் நேற்று முழுக்க அப்படியே செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பைண்டிங் கடைக்காரரிடம் அட்டை நிறம்கூடச் சொல்லிவிட்டேன். ஆனால் முதல் பக்கத்தில் இதிலுள்ள தரவுகள் யாவும் உண்மை என்று ஓர் உறுதிமொழி இருக்கிறது. அதன் கீழே கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவை எடுத்தேன். பதினோரு வருஷம் பிள்ளைகளின் செய்முறை நோட்டில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதின அளவுகளை எல்லாம் சிவப்பு மையால் அடித்தவள் நான். ஒருத்தி அழுதாள், அப்படியும் அடித்தேன். அதே கையால் எனக்கு இதில் கையெழுத்துப் போட முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து செய்யலாம் என்றால் இருபத்தெட்டு நாள் வேண்டும், இருப்பது பன்னிரண்டு. போதாக்குறைக்கு நாற்பத்தொரு இடத்தில் என் குறிப்பை வைத்துக்கொண்டு யார் யாரோ சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூல வரைபடம் போட்ட புண்ணியவான் என்னை என்ன நினைப்பார்?

எனவே நாளைக் காலை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று தெரியாது, எடுத்துக்கொண்டாலும் ஆசிரியர் அறையில் என் நாற்காலியில் இப்போது ஒரு கணக்கு டீச்சர் உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. பரவாயில்லை, நின்றுகொள்கிறேன். நாற்பது வயதில் என்னால் ஆனது இவ்வளவுதான். உன்னிடம் நான் கேட்பது இரண்டே உதவி. ஒன்று, சனிக்கிழமை வேன். இரண்டு, அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. எலிகளெல்லாம் ஏதோ நோய் வந்து செத்துவிட்டன என்று சொன்னால் அம்மா நம்புவாள், எலி மேல் அவளுக்கு இரக்கம் கிடையாது. கூண்டுக்காரரைப் பற்றி மட்டும் யாரிடமும் தப்பாகச் சொல்லாதே. இந்தக் கட்டடத்தில் அந்த எலிகள் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்த்தது அவர் ஒருவர்தான். எனக்குப் பட்டம் வேண்டியிருந்தது, பேராசிரியருக்குக் கோட்பாடு வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு என் வணக்கம். அண்ணிக்கு அன்பும் வடிகட்டிக்கான வருத்தமும். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், ஆனால் ரொம்பவும் மேலே போய்ப் படிக்க வேண்டாம் என்று அத்தை சொன்னதாகச் சொல். நீ உடம்பைப் பார்த்துக்கொள், பற்றவைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள். உங்கள் எல்லாருக்கும் எப்போதும் நல்லதே நடக்கட்டும், என் பங்கையும் சேர்த்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் ஒரு நாளைக்கு ஆராய்ச்சி மாணவியாகிய
உன் தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. இன்று காலை பேராசிரியர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரெண்டு கருத்தரங்குல பேசிட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார். நான் விலகல் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தெரியாத நம்பர். வேறேதோ ஊரில் ஓர் ஆராய்ச்சி மாணவி, இளங்குரல், சந்தோஷத்தில் மூச்சு வாங்குகிறது. "மேடம், உங்க குறிப்பை அப்படியே பார்த்து நாங்களும் பண்ணினோம். அப்படியே உங்களுக்கு வந்த மாதிரியே வந்திருக்கு! நாள் விட்டு நாள்!" என்கிறாள். பேராசிரியர் காதில் விழுந்து நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அண்ணா, அந்த நொடியில் நான் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அது நிரூபணமான உண்மையாகி, எனக்குப் பட்டமும் வந்து, அவர் பாடப்புத்தகத்தில் ஏறியிருப்பார்.

"உங்க இடத்துல பாட்டிலைக் கழுவறது யாரும்மா?" என்று கேட்டேன். "ஒரு அம்மா இருக்காங்க மேடம்" என்றாள். "கழுவிட்டு எந்தப் பக்கம் மாட்டுவாங்கன்னு கேட்டுட்டு வா" என்றேன். போனாள். நானும் பேராசிரியரும் ஒருவரையொருவர் பார்க்காமல் காத்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து வந்தாள். அழுகைச் சத்தம்தான் முதலில் கேட்டது. "தினம் யாரோ மாத்தி வச்சிடறாங்களாம் மேடம்... அந்த அம்மாதான் பாவம்னு..." எனக்கு அவளை அழவிட மனசு வரவில்லை. ஏதாவது சொல்லி நிறுத்த வேண்டுமே என்று, "இரும்மா, கருவி மேல தப்பில்ல, நம்ம நோட்டுதான் தப்பு. நாம மாத்தினதுக்கும் அவங்க மாத்தினதுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் சர்க்கரை வலது பக்கம் இருந்திருக்கு பாரு, அந்த ஒரு மணி நேரம் எலி எங்க போச்சுன்னு பாரு" என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே உறைத்தது. ஒன்பதிலிருந்து பத்து வரை எட்டு எலியும் இடதை விட்டுவிட்டு வலது பக்கம் போயின அல்லவா? அப்படியானால் அவை சர்க்கரையைத்தான் தேடியிருக்கின்றன, இடது பக்கத்தை இல்லை. பேராசிரியர் ஏற்கெனவே என் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். சக்கரம் வைத்த நான்கும் இரண்டே நிமிஷத்தில் புது இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. வெறுங்கூண்டு நான்குக்கும் ஏழெட்டு நிமிஷம் பிடிக்கிறது, ஆனாலும் தேடுவதை விடவில்லை. இருபத்தேழு நாளும் அப்படியே. "எண்பத்தாறு பக்கத்தையும் தூக்கிப் போடு. இதை எழுது. மீதி பதினோரு நாள் போதும்" என்றார். பிறகு கருத்தரங்கு நடத்தினவர்களுக்குத் திருத்தக் கடிதம் எழுதத் தானே உட்கார்ந்துவிட்டார், பாவம்.

ஆக, சனிக்கிழமை வேன் வேண்டாம். அம்மாவிடம் எலி செத்ததாகச் சொல்லியிருந்தால் பிழைத்துக்கொண்டதாகச் சொல்லிவிடு. இன்னும் நாற்பது இடத்துக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் போனை வைப்பதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மேடம், இதெல்லாம் விட்டுட்டு ஊருக்கே போயிடலாம்னு உங்களுக்குத் தோணினதே இல்லையா?" என்று கேட்டாள். விலகல் கடிதம் கையில் இருந்தது. "சேச்சே, ஒரு நாளும் இல்லம்மா" என்றேன். ஆகவே அண்ணா, இதைப் படித்து முடித்த கையோடு கிழித்துப் போட்டுவிடு.